ஹார்ட் டிஸ்க் தெரியலன்னா உடனே கரப்ட்னு சொல்லிடாதீங்க

போன ஞாயித்துக்கெழம கடையத் தொறந்து பத்து நிமிஷம் கூட ஆவல, தோட்டத்துலேருந்து ஒரு அக்கா வந்தாங்க. கையில பிஸ்கட் டின்னு, டின்னுக்குள்ள சின்ன துண்டு, அந்தத் துண்டுல கொழந்தைய சுத்துன மாதிரி சுத்தி வச்ச ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். "தம்பி, இது ஓபன் ஆவ மாட்டேங்குது. வேற டவுன்ல ஒரு கடையில காட்டுனேன், கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் பண்ணாதான் சரியாவும்னு சொல்லிட்டாங்க. எங்கம்மா போட்டோ எல்லாம் இதுலதான்லா இருக்கு."

எங்க ஊரு மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்கற பெஸ்தாரி ஜெயா. போர்டுலதான் அந்தப் பேரு, பெருசுங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லும். சுத்தி செம்பனைக் காடு, நடுவுல ரெண்டு வரிசை கடை, அதுல ஒண்ணு என்னோடது: டாப்-அப், ஃபோட்டோஸ்டேட், போன் கண்ணாடி மாத்துறது, கூடவே கம்ப்யூட்டர். அடிக்கடி யாராவது ஒருத்தரு இப்படி டிஸ்க்கத் தூக்கிட்டு வருவாங்க, வர்றவங்க எல்லாரும் சொல்றது மூணே வார்த்தைதான், "கரப்ட்", "வைரஸ்", "செத்துப்போச்சு". கேபிள் அந்துபோனாலும் அதே வார்த்தை, உள்ள தட்டு கீறிப் போயிருந்தாலும் அதே வார்த்தை. இந்த ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற இல்லயா? அதனாலதான் இத எழுதறேன், கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாதவங்களும் படிக்கலாம்.

பெரட்டுல நின்னா மட்டும் வேல ஆவாது

எங்க பாட்டி ரப்பர் காலத்துல பால் மரம் வெட்டுனவங்க. விடியறதுக்கு முன்னாடி, இருட்டோட எல்லாரும் பெரட்டுக் களத்துல வந்து நிக்கணுமாம். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் புத்தகத்த வச்சிக்கிட்டு பேரு கூப்பிடுவாரு, இருக்கேன்னு கொரல் குடுக்கணும், அப்புறம் மண்டோர், அதாவது மேஸ்திரி, ஒனக்கு இந்த நெரை, ஒனக்கு அந்த நெரைன்னு பிரிச்சி விடுவாரு, அதுக்கப்புறம்தான் கத்தியும் வாளியுமா மரத்துக்குப் போவ முடியும்.

இப்ப ஒரு ஆளு அன்னிக்கு மரம் வெட்டலன்னு வச்சிக்குங்க. ஒடம்பு முடியாம லயத்துலயே (தோட்டத்து வரிசை வீட்டுல) படுத்துட்டிருக்கலாம். களத்துக்கு வந்தும் பேரு கூப்பிடாம விட்டிருக்கலாம். பேரு கூப்பிட்டும் எந்த நெரைன்னு தெரியாம நின்னிருக்கலாம். இல்ல, அந்த செக்ரோல் புத்தகமே மழையில நனஞ்சி படிக்க முடியாம போயிருக்கலாம். ஆபீஸ்ல ஒக்காந்திருக்கற தொரைக்கு எல்லாம் ஒண்ணுதான்: ஆளு வேலைக்கு வரல.

நம்ம டிஸ்க்கு விஷயமும் அப்படியே. டிஸ்க்க சொருகுன நிமிஷத்துலேருந்து போட்டோ கண்ணுக்குத் தெரியற வரைக்கும் உள்ள நாலு வேல வரிசையா நடக்குது. கரண்டு போய் டிஸ்க் எழுந்திரிக்கணும், கம்ப்யூட்டர் அத யாருன்னு அடையாளம் கண்டுக்கணும், அதுக்குள்ள எந்தப் பகுதி எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கணும், கடைசியா உள்ள இருக்கற கணக்குப் புத்தகத்தப் படிச்சி "இந்த ஃபைல் இங்க, அந்த ஃபைல் அங்க"ன்னு நமக்குக் கதவத் தொறந்து விடணும். அந்தக் கடைசி வேலைக்குத்தான் மவுன்ட்னு பேரு. பழைய காலத்துல, பெரிய பெரிய கம்ப்யூட்டர் இருந்தப்ப, டேப் ரீல கையால தூக்கி மெஷின்ல மாட்டி விட ஆளு இருப்பாங்க, அந்த "மாட்டு"ங்கற வார்த்தைதான் இப்பவும் ஒட்டிக்கிட்டு இருக்கு, இப்ப மாட்டறது ஆளு இல்ல, சாஃப்ட்வேர்.

சுருக்கமா, மவுன்ட் ஆகலன்னா கதவு தொறக்கலன்னு மட்டும்தான் அர்த்தம். வீடு இடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. எந்தப் படியில நின்னு போச்சுன்னு கண்டுபிடிக்கறதுதான் மொத வேல.

மொதல்ல காது, அப்புறம் கை, அப்புறம்தான் கம்ப்யூட்டர்

டிஸ்க்க சொருகிட்டு ஸ்கிரீன பாக்காதீங்க, டிஸ்க்க பாருங்க. லைட்டு எரியுதா? உள்ளங்கையில மெதுவா வச்சிப் பாருங்க, பூனை முனகற மாதிரி ஒரு சின்ன அதிர்வு தெரியணும். அது உள்ள இருக்கற கண்ணாடி மாதிரி பளபளப்பான தட்டு சுத்தறது. சின்ன டிஸ்க்குங்க நெறைய நிமிஷத்துக்கு 5400 சுத்து, அதாவது நொடிக்கு 90. அந்தத் தட்டு மேல படிக்கற தல தொடாம மெதக்குது, எடவெளி சில நானோமீட்டர்தான், நம்ம தலமுடியோட தடிமன் சுமாரா 80,000 நானோமீட்டர்னு வச்சிக்கிட்டா எவ்ளோ ஒட்டி ஓடுதுன்னு புரியும். அதனாலதான் ஓடும்போது டிஸ்க்கு கீழ விழக்கூடாதுன்னு தலையில அடிச்சிக்கறோம். (தட்டுக்கு பதிலா சிப்புல எழுதற எஸ்எஸ்டி வகையா இருந்தா உள்ள சுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல, சத்தமும் வராது, பயப்படாதீங்க.)

லைட்டும் இல்ல, அதிர்வும் இல்லன்னா மொத சந்தேகம் கேபிள் மேலதான். பசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) அஞ்சு வெள்ளிக்கு, அதாவது அஞ்சு ரிங்கிட்டுக்கு விக்கறதுல சிலது வெறும் சார்ஜ் கேபிள், உள்ள டேட்டா போற கம்பியே இருக்காது, லைட்டு எரியும் ஆனா கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த அகலமான, நடுவுல ஒரு வெட்டு இருக்கற பழைய யுஎஸ்பி 3 கேபிளு இன்னும் மோசம், முனை சீக்கிரம் தளந்துடும், கொஞ்சம் ஆடுனாலே டிஸ்க் வந்து வந்து போவும். அப்புறம் கரண்டு. யுஎஸ்பி 2 ஓட்டை குடுக்கறது 500 மில்லியாம்ப், யுஎஸ்பி 3 ஓட்டை 900, தட்டு நின்ன நெலையிலேருந்து சுத்த ஆரம்பிக்கற அந்த நொடியிலதான் டிஸ்க்கு ரொம்ப இழுக்கும். ஒரே ஹப்புல, அதாவது ஒரு யுஎஸ்பி ஓட்டைய பல ஓட்டையா பிரிக்கற டப்பாவுல, மவுஸு, ஃபேனு, போன் சார்ஜரு எல்லாத்தையும் மாட்டிட்டு அதுலயே டிஸ்க்கயும் மாட்டுனா அது எழுந்திரிக்கப் பாத்து பாத்து விழும். ஹப்ப எடுத்துட்டு நேரா கம்ப்யூட்டர்ல மாட்டுங்க, பெரிய டெஸ்க்டாப்பா இருந்தா பின்பக்க ஓட்டையில மாட்டுங்க.

பெரிய சைஸ் டிஸ்க், அதாவது செவத்துல தனியா பிளக்கு போடற வகை, அதுக்கு 12 வோல்ட் அடாப்டர் வேணும். இங்க சாயங்காலம் நாலு மணிக்கு மேல இடி இடிச்சா சும்மா இடிக்காது, எங்கூட்டு மோடமே ஒரு தடவ போயிருக்கு. அடாப்டர் மட்டும் கருகி டிஸ்க் நல்லா இருக்கறது எவ்ளோ வாட்டி பாத்துட்டேன். அதே வோல்ட்டு, அதே இல்ல கூடுதல் ஆம்ப், முனையில பிளஸ் மைனஸும் ஒத்துப்போற வேற அடாப்டர் போட்டுப் பாருங்க, வோல்ட்ட மட்டும் மாத்திடாதீங்க.

ஒரே ஒரு சத்தம் கேட்டா மட்டும் உடனே புடுங்குங்க. டிக்... டிக்... டிக்... டொக், கொஞ்சம் நிறுத்தி, திரும்ப டிக்... டிக். படிக்கற தல தன்னோட எடத்தக் கண்டுபிடிக்க முடியாம போய்ட்டுப் போய்ட்டு திரும்பி வருது. "இன்னொரு வாட்டி சொருகிப் பாப்போம்"னு ஒவ்வொரு வாட்டியும் சொருகுனா, தட்டு மேல கீறல் விழ விழ உள்ள இருக்கறது போயிட்டே இருக்கும். இதுக்கு நான் கை வைக்க மாட்டேன், யாரு கேட்டாலும் தூசி இல்லாத ரூம்ல தொறந்து பாக்கற ரெக்கவரி ஆளுங்ககிட்டதான் அனுப்புவேன், காசு நல்லா ஆவும்னு முன்னாடியே சொல்லியும் விடுவேன். அப்புறம் ஐஸ்பெட்டியில வச்சா சரியாவும்னு சொல்றானுங்க பாருங்க, தயவு செஞ்சி வேணாம், நம்ம ஊரு ஈரக் காத்துக்கு வெளிய எடுத்த ஒடனே வேர்த்து தண்ணி கட்டிடும்.

சுருக்கமா, லைட்டு, அதிர்வு, சத்தம். எதுவும் இல்லன்னா கேபிள், ஓட்டை, அடாப்டர். டிக் டிக் சத்தம்னா நிறுத்து. எல்லாம் சரியா இருக்கு, ஆனா தெரியலன்னா அடுத்த படி.

பேரு கூப்பிட்டாங்களா?

விண்டோஸ்ல நாம வழக்கமா தொறக்கற "திஸ் பிசி" எடத்துல கதவு தொறந்த டிஸ்க் மட்டும்தான் தெரியும். களத்துல நிக்கற எல்லாரும் தெரியற எடம் வேற, அதுக்குப் பேரு டிஸ்க் மேனேஜ்மென்ட், ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணா லிஸ்ட்ல இருக்கும். மேக்ல டிஸ்க் யூட்டிலிட்டி. என்னைக் கேட்டா இந்த ஒரு எடத்தத் தெரிஞ்சி வச்சிருந்தாலே பாதி டிஸ்க்கு என் கடைக்கு வராது.

அங்க டிஸ்க் இருக்கு, பக்கத்துல என்டிஎஃப்எஸ்ஸோ எக்ஸ்ஃபேட்டோ (கணக்குப் புத்தகம் எழுதற முறையோட பேரு, பின்னாடி சொல்றேன்) எழுதியிருக்கு, ஆனா ஈ, எஃப் மாதிரி எழுத்து மட்டும் இல்ல? அதான் ரொம்ப நல்ல சேதி. டிரைவ் லெட்டர்ங்கறது வெறும் வாசல் போர்டு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு போர்டு மாத்துனதால ஊரு எடம் மாறிடல இல்லயா, அதே மாதிரி ரைட் கிளிக் பண்ணி ஒரு எழுத்து குடுத்தா டிஸ்க்கு அங்கயே தெரிய ஆரம்பிச்சிடும், உள்ள ஒண்ணும் மாறாது. "ஆஃப்லைன்"னு இருந்தாலும் ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் ஆக்குனா போதும்.

"நாட் இனிஷியலைஸ்ட்"னு வந்தா கொஞ்சம் நிதானம் வேணும். டிஸ்க்கோட தலைப்புல ஒரு சின்ன வரைபடம் இருக்கும், எந்தப் பகுதி எந்த எடத்துல ஆரம்பிச்சி எங்க முடியுதுன்னு, தோட்டத்து ஆபீஸ் செவத்துல மாட்டியிருக்கற பிளாக் மேப் மாதிரி. அதுக்குப் பேரு பார்ட்டிஷன் டேபிள். மேப் கிழிஞ்சா தோட்டம் காணாம போயிடாது, மரமெல்லாம் அங்கயேதான் நிக்குது. ஆனா விண்டோஸ் ஒடனே "இனிஷியலைஸ் பண்ணவா"ன்னு கேக்கும், அதாவது "புது மேப்பு மாட்டவா, காலியா"ன்னு கேக்குது. வேணாம்னு சொல்லுங்க. டெஸ்ட்டிஸ்க்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டிஸ்க்கத் தேடிப் பாத்து பழைய எல்லையக் கண்டுபிடிக்க முயற்சி பண்ணும்.

டிஸ்க் இருக்கு ஆனா சைஸ் பூஜ்யம்னு காட்டுனா, டப்பாக்குள்ள இருக்கற சின்ன போர்டு மேல சந்தேகப்படலாம். உள்ள இருக்கற டிஸ்க்குக்கு யுஎஸ்பி பாஷ தெரியாது, நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி அந்த போர்டு ஒக்காந்திருக்கு, அதுக்கு பிரிட்ஜ்னு பேரு. சில டிஸ்க்குல அத மாத்தி வேற டப்பாவுல போட்டா வேல செய்யும். ஆனா சில கம்பெனி டிஸ்க்குல அந்த போர்டே எல்லாத்தையும் பூட்டி பூட்டி எழுதும், வேற போர்டு போட்டா வெறும் குப்பையாதான் தெரியும், அதனால உடச்சிப் பாக்கறதுக்கு முன்னாடி மாடல் நம்பரத் தேடிப் பாருங்க.

அக்காவோட டிஸ்க்க நான் இங்கதான் சொருகிப் பாத்தேன். லைட்டு எரியுது, அதிர்வு இருக்கு, சத்தம் சுத்தம். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ரெண்டு பெட்டி: மொதல்ல 200 எம்பிக்கு ஒரு துண்டு, அடுத்து மீதி மொத்தமும் ஒரு பெரிய துண்டு, "ஹெல்தி"ன்னு எழுதியிருக்கு, ஆனா ஃபைல் சிஸ்டம் பேரு இருக்க வேண்டிய எடம் காலி, எழுத்தும் இல்ல. ரைட் கிளிக் பண்ணா எழுத்து குடுக்கற வரி மங்கலா இருக்கு, அமுக்க முடியற ஒரே வரி "டிலீட் வால்யூம்". அந்தக் கடைக்காரர் இதப் பாத்துதான் கரப்ட்னு சொல்லியிருக்கணும். எனக்கு அந்த 200 எம்பியப் பாத்ததும் சிரிப்பு வந்திடுச்சு.

புத்தகம் கிழியல, பாஷதான் வேற

ஃபைல் சிஸ்டம்னா என்னன்னு இப்ப சொல்லிடறேன். டிஸ்க்குல போட்டோ முழுசா ஒரே எடத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்ல, துண்டு துண்டா அங்கங்க இருக்கலாம். எந்தத் துண்டு எங்க இருக்கு, எந்த வரிசையில சேக்கணும், பேரு என்ன, தேதி என்னன்னு எழுதி வச்ச கணக்குப் புத்தகம், அத எழுதற முறை, ரெண்டும் சேந்ததுதான் ஃபைல் சிஸ்டம். நம்ம செக்ரோல்.

சிக்கல் என்னன்னா எல்லாரும் ஒரே பாஷையில எழுதறதில்ல. விண்டோஸ் எழுதறது என்டிஎஃப்எஸ். மேக்ல 2017லேருந்து ஏபிஎஃப்எஸ், அதுக்கு முன்னாடி எச்எஃப்எஸ் பிளஸ். லினக்ஸ்ல நெறைய எக்ஸ்ட் 4. மேக்குக்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. விண்டோஸுக்கு மேக்கோட பாஷ படிக்கக் கூட தெரியாது, தனியா சாஃப்ட்வேர் போட்டாதான் உண்டு. தமிழ்ப்பள்ளியில மட்டும் படிச்ச பையன்கிட்ட சீனப் பள்ளிப் புத்தகத்தக் குடுத்தா அவன் என்ன சொல்லுவான், படிக்கத் தெரியலன்னு சொல்லுவான், புத்தகம் கிழிஞ்சிருக்குன்னு சொல்ல மாட்டான். விண்டோஸ் மட்டும் அப்படி நேர்மையா சொல்லாது. சில சமயம் சும்மா எழுத்து குடுக்காம விட்டுடும், சில சமயம் "இத பயன்படுத்தணும்னா ஃபார்மேட் பண்ணணும், பண்ணவா"ன்னு கேக்கும். எனக்குப் படிக்கத் தெரியாத புத்தகம், கிழிச்சிப் போட்டுட்டு புதுசு தரவான்னு கேக்கற மாதிரி. டிவி பாக்ஸ்ல நாடகம் ரெக்கார்ட் பண்ண மாட்டுன டிஸ்க்கும் இப்படித்தான் ஆவும், நெறைய பாக்ஸுங்க தனக்குன்னு ஒரு பாஷையில எழுதிக்கும்.

அந்த ஃபார்மேட் கேள்விக்கு எஸ் அடிச்சவங்களுக்கு ஒரு வார்த்த. குவிக் ஃபார்மேட்னா புத்தகத்த மட்டும் புதுசா மாத்தும், மரம் அங்கயேதான் இருக்கும், அதுக்கப்புறம் ஒரு ஃபைல் கூட அந்த டிஸ்க்குல போடாம இருந்தா பெரும்பாலும் தேடி எடுக்க வழி இருக்கு. விண்டோஸ்ல ஃபுல் ஃபார்மேட்னா கதையே வேற, டிஸ்க் முழுக்க பூஜ்யமா எழுதிட்டு வரும், அதுக்கு அப்புறம் என்கிட்ட வந்து அழுது பிரயோஜனம் இல்ல.

ரெண்டு பக்கமும் ஓடணும்னா எக்ஸ்ஃபேட். விண்டோஸ், மேக் ரெண்டும் படிக்கும் எழுதும். பழைய ஃபேட் 32ம் ஓடும், ஆனா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் போட முடியாது, கல்யாண வீடியோ ஒண்ணு கூட ஏறாது.

சுருக்கமா, "ஃபார்மேட் பண்ணணும்"னு வந்தா அதுக்கு "எனக்குப் படிக்க முடியல"ன்னு அர்த்தம். ஏன் படிக்க முடியலன்னு தெரியற வரைக்கும் கேன்சல்.

பாதியில புடுங்குன டிஸ்க்

பாஷ சரிதான், நேத்து வரைக்கும் இதே லேப்டாப்புல ஓடுச்சு, இன்னிக்கு ஓடலன்னா, கிராணி எழுதிட்டிருக்கும்போதே கையிலேருந்து புத்தகத்தப் புடுங்குன மாதிரி ஏதோ நடந்திருக்கு. காப்பி ஆவும்போது கேபிள் ஆடிச்சி, கரண்டு போச்சி, சின்னப் பையன் இழுத்துட்டான். பாதி வரி எழுதி நிக்குது. விண்டோஸ் 10ல 1809 வெர்ஷன்லேருந்து, எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எழுதறத தேக்கி வைக்காம உடனுக்குடனே எழுதற மாதிரி மாத்திட்டாங்க, அதனால எஜெக்ட் பண்ணாம எடுத்தாலும் முன்ன மாதிரி ஆபத்து இல்ல, ஆனா லைட்டு மினுக்கும்போதே புடுங்குனா எந்த வெர்ஷனும் காப்பாத்தாது.

மேக்ல இப்படி புடுங்கிட்டு திரும்ப சொருகுனா, டிஸ்க் யூட்டிலிட்டியில டிஸ்க் மங்கலா நிக்கும், மவுன்ட் அமுக்குனாலும் ஒண்ணும் நடக்காது. ஜனங்க ஒடனே பயந்து திரும்பப் புடுங்குவாங்க. உண்மையில பின்னாடி கிராணி புத்தகத்த மொத பக்கத்துலேருந்து சரி பாத்துக்கிட்டு இருக்காரு, பெரிய டிஸ்க்குன்னா ரொம்ப நேரம் ஆவும். சத்தம் சுத்தமா இருந்தா விட்டுட்டு போய் பசியாறிட்டு வாங்க.

விண்டோஸ்ல "ரா"ன்னு காட்டும், அதாவது புத்தகத்தப் படிக்க முடியலன்னு, இல்லன்னா செக்டிஸ்க்னு அதோட சரி பாக்கற சாஃப்ட்வேர ஓட்டச் சொல்லும். செக்டிஸ்க்கோட வேல புத்தகத்துல கணக்கு இடிக்காம பாத்துக்கறது, உங்க போட்டோவ காப்பாத்தறது இல்ல. கணக்கு ஒத்து வரலன்னா அந்த வரிய வெட்டிட்டுப் போயிட்டே இருக்கும். நல்லா இருக்கற டிஸ்க்குல ஓட்டலாம், சாவக் கெடக்கற டிஸ்க்குல ஓட்டுனா நோயாளிய எழுப்பி ஓடச் சொல்ற கதைதான். எது எதுன்னு பாக்க ஸ்மார்ட்னு ஒண்ணு இருக்கு, டிஸ்க்கு தன் ஒடம்பு நெலமைய தானே எழுதி வச்சிக்கற குறிப்பு, இலவச சாஃப்ட்வேர்ல பாக்கலாம். அதுல "ரீஅலோகேட்டட்", "பென்டிங்"னு ரெண்டு வரி, ரெண்டும் பூஜ்யமா இருந்தா நிம்மதி, ஏறிட்டே போனா தட்டுல எடம் எடமா கெட்டுப் போவுதுன்னு அர்த்தம். அப்ப டிடிரெஸ்க்யூ மாதிரி ஒண்ண வச்சி மொத்த டிஸ்க்கயும் வேற டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்துட்டு, ரிப்பேரெல்லாம் அந்த நகல்லதான் பண்ணணும், அசல்ல கை வைக்கக்கூடாது.

வைரஸ் பத்தி ஒரே வரி: சாதாரணமா நம்ம பக்கம் பென்டிரைவ்ல சுத்தற வைரஸுங்க டிஸ்க்க தொறக்க விடும், உள்ள ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா காட்டும். டிஸ்க்கே தெரியலன்னா வைரஸத் திட்டறது வீண்.

அக்கா கதைக்கு வருவோம்

அந்த 200 எம்பி துண்டு, மேக்ல ஃபார்மேட் பண்ண டிஸ்க்குல சாதாரணமா இருக்கறது. "அக்கா, ஒங்க வீட்டுல யாராச்சும் ஆப்பிள் கம்ப்யூட்டர் வச்சிருக்காங்களா"ன்னு கேட்டேன். இல்லன்னாங்க. கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "மவன் படிக்கற எடத்துல புதுசா ஒண்ணு வாங்கிருக்கான், வெள்ளையா இருக்கும், தீவாளிக்கு வந்தப்ப இந்த டிஸ்க்க எடுத்துட்டுப் போயி, அப்புறம் திருப்பிக் குடுத்தான்."

ரெண்டு கடை தள்ளி கல்யாண வீடியோ எடிட் பண்ற தம்பிகிட்ட மேக்புக் இருக்கு. தூக்கிட்டுப் போனோம். சொருகி நாலு நொடி, டெஸ்க்டாப்ல டிஸ்க்கு வந்து ஒக்காந்திடுச்சு. உள்ள ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள அவங்க அம்மா, இடுப்புல பழைய சட்டயக் கட்டிக்கிட்டு லயத்து வாசப்படியில ஒக்காந்து கத்திய கல்லுல தீட்டிக்கிட்டு இருக்காங்க. அந்த லயம் இப்ப இல்ல. அக்கா ஸ்கிரீனத் தொடப் போயிட்டு, கைய இழுத்துக்கிட்டாங்க.

பையன் போட்டோவெல்லாம் தன் மேக்ல ஏத்திட்டு, டிஸ்க்க அதோட பாஷையில புதுசா ஃபார்மேட் பண்ணி, திரும்ப எல்லாத்தையும் போட்டுக் குடுத்திருக்கான். நல்ல மனசோடதான் பண்ணியிருக்கான், சொல்லத்தான் மறந்துட்டான். எல்லாத்தையும் ஒரு எக்ஸ்ஃபேட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணி, அக்கா வீட்டு லேப்டாப்புல தெரியுதான்னு பாத்துட்டு, பழசையும் அப்படியே துண்டுல சுத்தி டின்னுல வச்சிக் குடுத்தேன். காப்பி ஓடிட்டு இருக்கும்போதே அக்கா மவனுக்கு போன் போட்டுட்டாங்க, கடைக்கு வெளிய நின்னு பேசுனது உள்ள வரைக்கும் கேட்டுச்சு:

"ஏண்டா, பாட்டிய ஒன் பாஷைக்கு மாத்திட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"